ஒரு தீக்குச்சி போதும்

ஆறு மாடிக் குடியிருப்பை மரத்தாலேயே கட்டலாம் என்று வரைபடத்தோடு வந்து நின்றாள் இளம் கட்டடக் கலைஞர் குழலி. வீட்டுவசதி வாரியக் கூட்டமே சிரித்தது.

"ஒரு தீக்குச்சி போதும்மா, மொத்தமும் சாம்பல்!" என்றார் பெரிய கட்டடக் கலைஞர் வரதராஜன்.

"கொளுத்திக் காட்டுங்க சார், வரைபடத்தை நானே கிழிச்சிடறேன்."

வாசலில் இறக்கியிருந்த கனத்த மரத்தூணைக் காட்டித் தீப்பெட்டியை நீட்டினாள். பெட்டி காலியானது; தூண் பற்றவில்லை. ஆத்திரத்தில் வரதராஜன் கேஸ் பர்னரின் சுடரையே தூணில் பிடித்தார். நெடுநேரம் கழித்துக் குழலி கரியைச் சுரண்ட, உள்ளே மரம் புத்தம் புதிதாகத் தெரிந்தது.

"மேல் கரியே உள்மரத்துக்குக் கவசம் சார்."

வாரியத் தலைவர் எழுந்தார். "எத்தனை மாடி கேட்டீங்க?"

குழலி நிமிர்ந்தாள். "ஆறு. ஆனா சாரே இவ்வளவு சிரத்தையா சோதிச்சுக் கொடுத்திருக்காரு, எட்டு மாடியாவே கட்டிடலாம்!"