பச்சிலையும் பாம்புப் புற்றும்

ஒரு காட்டில் கீரிகளின் பச்சிலை பறிபோனது. பறித்தது நரி.

எப்படி என்கிறீர்களா? குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஓடைக்கரைச் சரிவில் அந்தச் செடி வளர்ந்தது. பாம்புக்கடிக்கு அதன் இலைதான் மருந்து. கண்டுபிடித்தவை கீரிகள், தலைமுறை தலைமுறையாகக் காத்தவையும் கீரிகள். மான் வந்து கேட்டாலும் பன்றி வந்து கேட்டாலும் இல்லை என்றதே கிடையாது.

ஒருநாள் நரி விருந்தாளியாக வந்தது. செம்பி என்ற கீரி அதைச் சரிவுக்கு அழைத்துப் போய்ச் செடியைக் காட்டியது. விருந்தாளியிடம் எதையும் மறைப்பது கீரிகளின் வழக்கமில்லை. அதுதான் வினையாகப் போனது.

நரி நேரே சிங்கராஜாவிடம் ஓடியது.

"ராஜா, புது மருந்து ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்! உரிமையை எனக்கே கொடுங்கள்."

"இதற்கு முன் யாராவது உரிமை கேட்டார்களா?"

"ஒருத்தர்கூட இல்லை!"

அது பொய்யில்லை. கீரிகள் கேட்டதில்லைதான். தன் வாலுக்கு யாராவது உரிமை கேட்பார்களா? சிங்கத்துக்கோ விசாரிக்கச் சோம்பல். "நீயே வைத்துக்கொள்" என்று உறுமிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மறுநாளே சரிவைச் சுற்றிச் செந்நாய்க் காவல்!

அந்த நேரம் பார்த்துச் செம்பியின் தங்கை சின்னியை நாகம் கடித்துவிட்டது. காவல் விடுமா என்று பார்க்கச் செம்பி முதலில் சரிவுக்குப் பறந்தது. செந்நாய் பல்லைக் காட்டியது.

"நரியார் சொல்லாமல் ஒரு துளிர் கிடையாது. போ, போ!"

செம்பி சட்டெனத் திரும்பியது. அங்கே தங்கை வாயில் நுரை. நரிக்குச் செடியைக் காட்டியது நான்தானே! ஓடு, ராஜாவின் சபைக்கு ஓடு!

சபையில் விலங்குகள் கூடியிருந்தன. ராஜாவுக்குப் பக்கத்தில் நரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"வா தங்கச்சி. இலைதானே? தாராளமாகத் தருகிறேன். இனி உங்கள் கூட்டம் முழுக்க என் குகைக்குக் காவல் இருக்க வேண்டும். சம்மதமா?"

செம்பி அழவில்லை. அதன் கண்கள் மின்னின.

"இலை உன்னுடையதுதானே, அண்ணே?"

"அதிலென்ன சந்தேகம்? ராஜாவே கொடுத்தது!"

"அப்படியானால் கிளம்பு!"

"எங்கே?"

"நாகத்தின் புற்றுக்கு! இலைக்குச் சொந்தக்காரர் முதலில் புற்று வாசலில் போய் நிற்க வேண்டும். 'நீ கடித்தது என் ஆளை. இனி அந்தப் பக்கம் வராதே' என்று நாகத்தின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அப்புறம்தான் இலையைத் தொடலாம். நேற்றுவரை எங்கள் வழக்கம். இன்றைக்கு உன் வழக்கம். எழுந்திரு!"

நரியின் கால் கீழே இறங்கியது. வால் தொங்கியது.

"அதை... அதை மட்டும் நீங்களே..."

"என்னைக் கடித்தபோது கீரிகள்தான் புற்றுக்கு முன்னால் போய் நின்றார்கள்!" என்று காட்டுப்பன்றி கத்தியது.

"எனக்காகவும்!" என்றது மான்.

"எங்கள் அப்பாவுக்காகவும்!" என்று முயல் துள்ளியது.

சபையே எழுந்துவிட்டது. "நரி போகட்டும்! புற்றுக்குப் போகட்டும்!"

சிங்கம் தலையைத் தாழ்த்திக்கொண்டது. "காட்டுக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே! ஏய் நரி, என்ன சொல்கிறாய்? போகிறாயா?"

"இலையும் வேண்டாம், புற்றும் வேண்டாம், ஆளை விடுங்கள்!" என்று நரி எடுத்தது ஓட்டம்.

"இலை கீரிகளுடையது! அவர்களைக் கேட்காமல் இனி எவனும் தொடக்கூடாது!" என்று சிங்கம் கர்ஜித்தது.

செம்பி அதைக் கேட்டு நிற்கவா செய்யும்? அதற்குள் புற்று வாசலில் நின்றது. நாகம் படமெடுத்துச் சீறியது. செம்பி முடியைச் சிலிர்த்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொன்னது. நாகம் உள்ளே நழுவியது. உடனே சரிவுக்குப் பாய்ச்சல்! ராஜாவின் கர்ஜனை கேட்டுச் செந்நாய்கள் அதற்குள் ஓடிப்போயிருந்தன. இலையைப் பறித்து, மென்று, தங்கையின் வாயில் ஊட்டியது.

பொழுது சாய்வதற்குள் சின்னி கண் விழித்தது.

"பசிக்கிறது... காவலை யார் விரட்டியது?"

"வேறு யார்?" என்றன கீரிகள். "உன் அக்கா செம்பிதான்!"

நீதி: ஒரு குலம் காத்து வளர்த்த அறிவை அவர்களைக் கேட்காமல் தனதாக்கிக்கொள்வது திருட்டு, அரசனே கொடுத்தாலும் அது திருட்டுதான்.