விளக்கை அணைக்காதவர்

பாடம் நடத்த வேண்டிய வயதில் சவரிமுத்து மாணவராகப் போய் உட்கார்ந்தார். அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் அவர். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். வழிகாட்டி நப்பின்னை அவரைவிட வயதில் சின்னவர். அவர் இவரை "சார்" என்பார், இவர் அவரை "மேடம்" என்பார். இருவருக்கும் அதில் குறையொன்றும் இல்லை.

வேலை இதுதான். கண்ணுக்கே தெரியாத நுண்துகள்களாலான சாம்பல் நிறத் தூளைக் குடுவைத் தண்ணீரில் கலக்க வேண்டும். விளக்கைப் போட்டால் தூள் அந்த வெளிச்சத்தை வாங்கித் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டும். சவரிமுத்துவின் தூள் பிரித்தது. குழாய் முனையில் குமிழிகள் விடாமல் வந்தன. ஆய்வகத்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று.

சில வாரங்கள் போயின. அவருடைய ஆராய்ச்சியை மதிப்பிட வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் மறுநாள் வருவதாக இருந்தது. சவரிமுத்து நப்பின்னையின் முன்னால் போய் நின்றார்.

"பயமா இருக்கு மேடம். இது எப்படிப் போகும்?"

"எதுக்குப் பயம்?"

"யாராவது ஏதாவது கேட்டுட்டா?"

"என்ன கேப்பாங்க?"

என்ன கேட்பார்கள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

நப்பின்னை எழுந்துபோய், சாப்பாட்டுப் பொட்டலம் சுற்றுகிற அலுமினியத் தாளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"குடுவையைச் சுத்தி மூடுங்க சார். விளக்கை அணைங்க."

"அணைச்சா சூடு இறங்கிடும் மேடம். மறுபடி ஏற நேரமாகும்."

"ஆகட்டும்."

"நாளைக்கு அவங்க வர்ற நேரத்துல..."

"இருட்டுல ஒரு தடவையாவது வச்சுப் பாத்தீங்களா?"

வெளிச்சத்தால்தான் நடக்கிறதா என்று பார்க்க யாரும் முதல் வேலையாகச் செய்கிற சோதனை அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தன் விஷயத்தில் மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டார்.

தாளால் குடுவையைச் சுற்றி மூடினார். விளக்கை அணைத்தார். இருவரும் குழாய் முனையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். தேநீர் வந்து ஆறியும் போயிற்று.

ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. விளக்கு எரிந்தபோது வந்த அதே வேகத்தில் வந்துகொண்டே இருந்தன.

சவரிமுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். எதற்குப் பயந்தாரோ அது அப்படியே நடந்துவிட்டது.

"தூளைச் சரியாக் கழுவல மேடம்," என்றார். "தூள் செய்யும்போது போட்ட ரசாயன உப்பு உள்ளேயே தங்கியிருக்கு. அது தண்ணியில பட்டாலே ஹைட்ரஜன் விடும். வெளிச்சமே வேண்டாம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் குமிழி வந்தப்பவே சந்தேகம்."

நப்பின்னை கடிந்துகொள்ளவில்லை.

"நாளைக்கு வர்றவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். இன்னொரு நாள் வரட்டும்," என்றார். பிறகு கேட்டார். "இப்ப அந்தப் பயம் இருக்கா?"

சவரிமுத்து குடுவையைச் சுற்றிய தாளைப் பிரித்தார்.

"அது போயிருச்சு. இப்ப வேற ஒண்ணு வந்திருக்கு."

"என்னது?"

"நல்லாக் கழுவிட்டு விளக்கைப் போட்டா, ஒரு குமிழிகூட வராதோன்னு."

நப்பின்னை ஆறிப்போன கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பயத்தை வச்சுக்கிட்டு வேலை பார்க்கலாம் சார். போய்க் கழுவுங்க."