கதவை அடைத்த பிறகும் வரும் அயனிகள்

"கதவை அடைத்துவிட்டேன் மேடம். இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன!"

தில்லைநாயகம் ஹெல்மெட்டை மேசைமேல் போட்டார். கல்லூரி ஆசிரியர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய ஆய்வு நெறியாளர் தமயந்திக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஞானத்துக்கு வயது வரிசை கிடையாது என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. எழுதியவர்கள் எல்லாரும் குருமார்கள்.

வெற்றிடக் கலத்துக்குள் சூடான டங்ஸ்டன் இழை. சீசியம் அணுக்கள் அதில் வந்து உட்காரும்; சற்று இருந்து, அயனியாகக் கிளம்பும். எவ்வளவு நேரம் உட்காருகின்றன என்பதே ஆய்வு. வரும் வழியை அடைத்தால், இருந்தவையும் கிளம்பி, மின்னோட்டம் பூச்சியமாக வேண்டும்.

ஆகவில்லை.

"இழையை மாற்றினீர்களா சார்?"

"இது நான்காவது. இன்னும் ஒன்றுதான் மிச்சம். இந்த மாதத்துக்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. என் மகள் எனக்கு முன்னால் டாக்டர் ஆகிவிடுவாள்."

"சீசியத்தைக் கழற்றிவிட்டு இழையை மட்டும் சூடேற்றுங்கள்."

"சீசியம் இல்லாமல் எதை அளப்பது?"

"வருவதை."

முணுமுணுத்துக்கொண்டே போனார். திரும்பியபோது முகம் கறுத்திருந்தது.

"இப்போதும் வருகிறது. அயனிகளை எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பொட்டாசியம்! அந்தப் பாட்டிலை நான் தொட்டதே இல்லை."

"புது இழையை எப்படிப் பொருத்துவீர்கள்?"

"அசிட்டோனில் கழுவி, கையுறை போட்டு, இடுக்கியால்."

"அப்புறம்?"

"கலத்தை மூடிவிடுவேன்."

"மூடுவதற்கு முன்னால்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இழையின் காலடியில் துளி விபூதி. விக்கினம் வரக் கூடாதென்று."

தமயந்தி பேனாவை மூடி வைத்தார்.

"சாணச் சாம்பல்," என்றார் அவரே. "சாம்பலில் பொட்டாசியம். முதலாம் ஆண்டுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்."

"நான்கு இழைக்குமா?"

"நான்காவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே."

கலத்தை முழுக்கத் துடைத்துக் கழுவினார். கடைசி இழையை இடுக்கியால் பொருத்தினார். கையுறையைக் கழற்றியதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பொட்டலத்தோடு பாதியில் நின்றது.

அருகில் நின்ற தமயந்தி உள்ளங்கையை நீட்டினார்.

"இங்கே கொடுங்கள்."

வாங்கிக்கொண்டு ஆய்வகத்தை விட்டு வெளியேறினார். தாழ்வாரத்தில் நின்று, கண்மூடி, தன் நெற்றியில் பட்டையாகப் பூசிக்கொண்டார். உள்ளே வரவில்லை.

"ம், இப்போது மூடுங்கள் சார்."