கவசனுக்குப் போர்த்திய தேக்கிலைச் சால்வை

மூங்கில்காட்டின் தலைமை அதிகாரி ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். பெயர் கவசன். புலி உறுமினால் பந்துபோலச் சுருண்டுகொள்வான். புலி உருட்டிப் பார்த்து, அலுத்து, போய்விடும். இப்படிச் சுருண்டு சுருண்டே மூன்று அரசர்களின் கீழ் அவன் பதவியைக் காப்பாற்றிக்கொண்டான்.

அந்தக் காட்டுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு காடுகள் இருந்தன. மூன்று காடுகளுக்கும் ஒரே வறட்சி. ஆகவே ஆண்டுதோறும் கோடை தொடங்கும் முன், மூன்று தலைமை அதிகாரிகளும் எல்லைப் பாறையில் கூடுவார்கள். ஒருவர் பட்ட பாட்டிலிருந்து மற்றவர் கற்றுக்கொள்வது கூட்டத்தின் நோக்கம்.

நடந்தது வேறு. சாதனை சொன்னவருக்குத் தேக்கிலையில் தைத்த சால்வையைப் போர்த்தினார்கள். தவறு சொன்னவருக்கு எதைப் போர்த்துவது என்று யாரும் யோசித்ததில்லை. அதனால் யாரும் தவறு சொன்னதும் இல்லை.

இந்த ஆண்டு கூட்டத்துக்குக் கவசன் புறப்பட்டபோது, மருளி என்ற புள்ளிமான் வழியில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய குட்டி, கால்கள் நடுங்க நின்றது.

"ஐயா, மூத்தது போய்விட்டது. இதுவும் குளத்துத் தண்ணீர் குடித்து வயிற்றால் போகிறது. எங்கள் பழைய ஊற்றைத் திறக்க விடுங்கள், ஐயா!"

"குளத்தைக் குறை சொல்லாதே!" என்றான் கவசன். "உன் மூத்த பிள்ளை அரளி மேய்ந்து செத்தது. அறிக்கையில் எழுதியிருக்கிறது. அது மேயும்போது நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?"

மருளி தலையைக் குனிந்துகொண்டாள். "பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஐயா. எங்கேயோ கண் தவறிவிட்டது போலிருக்கிறது" என்றாள். குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள்.

கவசன் வேகமாக நடந்தான். அந்த அறிக்கையை எழுதியவன் அவன்தான். அரளிக் கதையைக் கட்டியவனும் அவன்தான்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் தேக்குக்காட்டு அதிகாரி திமிலன் என்ற காட்டெருது ஒரு திட்டம் சொன்னான். "ஆற்று மணலில் மந்தைக்கு ஓர் ஊற்றுத் தோண்டிக் குடித்தால் தண்ணீர் வீண்! எல்லா ஊற்றையும் மூடு. ஒரே குளத்தில் தேக்கு. வரிசையில் விடு!"

கவசன் காடு திரும்பித் தன் நகங்களாலேயே ஊற்றுகளை மூடினான். வரிசை அழகாகத்தான் இருந்தது. ஆனால் நோயுற்றதும் நோயில்லாததும் ஒரே தண்ணீரில் வாய் வைத்தன. குட்டிகள் விழத் தொடங்கின. ஆற்றங்கரை ஆள்காட்டிக் குருவி மட்டும், "குளத்தால் வந்தது! குளத்தால் வந்தது!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். பொது அமைதியைக் கெடுக்கிறாள் என்று கவசன் அவளைக் காட்டைவிட்டுத் துரத்தினான்.

எல்லைப் பாறையில் திமிலன் முன்பே வந்து அசை போட்டுக்கொண்டிருந்தான். கருங்காலிக்காட்டுக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒரு மலை அணில். பெயர் வாலழகி. அவள் முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி கவசா! நான் கொடுத்த திட்டம் உன் காட்டில் எப்படி?" என்றான் திமிலன்.

"ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு, அண்ணே! வரிசை தவறி ஒரு முயல்கூட வாய் வைக்கவில்லை!"

அது உண்மைதான். அந்த உண்மைக்கு உடனே சால்வை போர்த்தினார்கள்.

"நோய் நொடி ஏதும் வரவில்லையா, ஐயா?" என்று கேட்டாள் வாலழகி. "எங்கள் காட்டில் இந்த வருடம் குட்டிகள் அதிகம். அதனால் கேட்கிறேன்."

கவசன் திமிலனைப் பார்த்தான். திமிலன் வானத்தைப் பார்த்தான்.

"சில குட்டிகள் அரளி தின்றன" என்றான் கவசன். "தாய்மார்களின் கவனக்குறைவு. திட்டத்தில் குறையில்லை."

வாலழகிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அங்கேயே தன் தூதுக் கிளியைக் கூப்பிட்டாள். "பறந்து போ! எல்லா ஊற்றையும் இன்றே மூடச் சொல்!" கிளி பறந்தது.

விருந்துக்கு அத்திப்பழம் வந்தது. திமிலன் கவசனின் காதருகே குனிந்தான்.

"அரளி நல்ல யோசனை, தம்பி. நாங்கள் நச்சுக்காளான் என்று எழுதினோம்."

கவசனின் வாயிலிருந்த பழம் கீழே விழுந்தது. "அப்படியானால்... போன வருடம் எனக்குச் சொல்லும்போதே உங்கள் குட்டிகள் செத்திருந்தனவா?"

"செத்துத்தான் இருந்தன."

"தெரிந்தேவா எனக்குச் சொன்னீர்கள்?"

"அந்த அம்மாவிடம் நீ இப்போது தெரியாமலா சொன்னாய்?" என்றான் திமிலன். அடுத்த பழத்தை எடுத்துக்கொண்டான்.

கவசன் சுருண்டுவிட்டான். புலி வரவில்லை, நரியும் வரவில்லை, ஆனாலும் சுருண்டுவிட்டான். உள்ளே இருட்டாக இருந்தது. சால்வை மேலே சரசரத்தது. எப்போதும் அந்த இருட்டில் அவனுக்குப் பயம் தீர்ந்துவிடும். இன்று அங்கேயும் ஒரு குரல் இருந்தது. 'எங்கேயோ கண் தவறிவிட்டது போலிருக்கிறது.' ஒரு தாயை, தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நம்பவைத்திருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதே கதையைச் சொல்லி, அடுத்த காட்டுத் தாய்மார்களுக்கும் அதே கதிக்கு வழி செய்தாயிற்று!

அவன் விரிந்தான். சால்வையை உதறிப் போட்டான்.

"வாலழகி அம்மா! ஊற்றை மூடாதீர்கள்! என் காட்டுக் குட்டிகளைக் கொன்றது அரளி இல்லை. அந்தக் குளம்!"

"வெயில் தலைக்கேறிவிட்டதா உனக்கு?" என்று சீறினான் திமிலன்.

"உங்கள் காட்டில் காளானும் இல்லை, அண்ணே. சொல்லிவிடுங்கள்!"

திமிலன் குளம்பால் பாறையைக் கீறினான். மறுக்கவில்லை.

"ஐயோ! கிளி போய்விட்டதே!" என்று அலறினாள் வாலழகி. "நான் கிளைக்குக் கிளை தாவினாலும் நாளைக்குத்தானே போய்ச் சேருவேன்!"

அப்போது பாறைக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"தலைமை அதிகாரிகளுக்கு வணக்கம்! உள்ளே வரலாமா, இல்லை எனக்கு இன்னும் தடைதானா?"

ஆள்காட்டிக் குருவி! துரத்தப்பட்ட நாள்முதல் அவள் எல்லைப் பாறையைச் சுற்றியே கத்திக்கொண்டிருந்தாள். காவல் நாய்கள் விரட்டும். மறுபடியும் வருவாள்.

கவசன் அவளிடம் தானே நடந்து போனான். பதவிக்கு வந்த நாள்முதல் அவன் யாரிடமும் அப்படிப் போனதில்லை.

"தாயே, ஓர் உதவி..."

"ஓகோ! துரத்தும்போது பொல்லாத குருவி. இறக்கை வேண்டும் என்றதும் தாயேவா?"

"என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பறந்துகொண்டே திட்டு! அந்தக் கிளியை முந்து!"

"பறக்கிறேன். உனக்காக இல்லை" என்றாள் ஆள்காட்டி. "ஆனால் இங்கே பாறையில் சொன்னதை மருளியிடம் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும். சுருளக் கூடாது!"

"சொல்கிறேன்."

அவள் போய்விட்டாள். வாலழகியும் பின்னாலேயே தாவி ஓடினாள். கருங்காலிக்காட்டில் அதற்குள் மூன்று ஊற்றுகளை மூடியிருந்தார்கள். நான்காவது ஊற்றின்மேல் ஆள்காட்டி நின்று கத்திய கத்தலில், மண் தள்ளிக்கொண்டிருந்த பன்றிகள் ஓடிப்போயின.

கவசன் மூங்கில்காட்டுக்கு வந்தபோது குளத்தருகே வரிசை நின்றது. மருளி கடைசியில் நின்றாள். அவன் எல்லாரும் கேட்கச் சொன்னான். ஊற்றை மூடியதைச் சொன்னான். நோயைச் சொன்னான். அறிக்கையைச் சொன்னான்.

வரிசையின் கடைசியிலிருந்து மருளி முன்னால் வந்தாள்.

"அப்படியானால் என் பிள்ளை அரளி மேயவில்லையா?" என்றாள் மருளி.

"இல்லை."

"நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேனா?"

"பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், அம்மா."

மருளி குட்டியின் நெற்றியை நக்கினாள். யாராவது அடித்திருந்தால் கவசன் சுருண்டிருக்கலாம். யாரும் அடிக்கவில்லை. எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவ்வளவு கண்களுக்கு முன்னால் செதில் எதற்கும் உதவவில்லை.

அவன் ஆற்று மணலுக்கு நடந்தான். ஊற்றை மூடிய அதே நகங்களால் தோண்டத் தொடங்கினான். நகம் உடைந்தது. தோண்டினான். பொழுது சாயும்போது மணல் ஈரமானது. பிறகு தெளிந்த தண்ணீர் ஊறியது.

மருளி குட்டியோடு வந்தாள். குட்டி கவசனைக் கண்டு பின்வாங்கியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றாள் மருளி. "பிள்ளை பயப்படுகிறது."

கவசன் தள்ளி நின்றான். குட்டி குடித்தது.

தன் தவற்றை மறைத்துச் சாதனையை மட்டும் பாடம் சொல்லும் அதிகாரி, தன் காட்டுப் பிள்ளைகளைக் கொன்றதோடு நில்லாமல் அடுத்த காட்டுப் பிள்ளைகளையும் கொல்லக் கற்றுக்கொடுக்கிறான்.