கத்தரிச்செடி குரலைக் கொடுத்த கதை

செடிகொடிகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், சடைச்சி என்பவளும் அவள் புருஷன் விருமனும் ஒரு கத்தரித் தோட்டம் வைத்திருந்தார்கள். கைக்குழந்தையை வரப்போரத்து வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை பார்ப்பார்கள்.

அங்கே வேலை பார்ப்பது லேசில்லை. ஓர் இலையைப் புழு கடித்தால் அந்தச் செடி அலறும். என்னவென்று தெரியாமலே பக்கத்துச் செடியும் அலறும். காற்று அடித்தாலும் அதே கூச்சல்தான். எந்தப் பக்கம் ஓடுவது என்று புரியாமல் சடைச்சி நடுவில் நிற்பாள்.

ஒரு நாள் விருமன் மடை திறக்கப் போயிருந்தான். தோட்டம் அலறியது. அதற்குள் வேறொரு குரலும் கேட்ட மாதிரி இருந்தது. பிள்ளையா? செடியா? கிழக்கே ஓடினாள், வெறும் காற்று. மேற்கே ஓடினாள், ஒரு வெட்டுக்கிளி. கடைசியில் தூளியை விலக்கினால், குழந்தையின் உடம்பெல்லாம் செவ்வெறும்பு. கண்கள் வீங்கி, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

விருமன் ஓடிவந்து எறும்பைத் தட்டிவிட்டான். "பிள்ளை அழுதது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. எது அதோட குரல்னுதான் தெரியல."

சடைச்சி ஆத்திரத்தோடு முதல் செடியின் தண்டைப் பிடித்தாள்.

"பிடுங்காதே தாயி," என்றது செடி. "கடிச்சது புழுவா, தொட்டது காத்தான்னு எங்களுக்கே தெரியல. பயத்துல கத்திடுறோம். கத்தாம ஒருத்தருக்கொருத்தர் எப்படிச் சொல்றது?"

சடைச்சி கையை எடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் இடியும் மழையும் வந்தன. மின்னல் சத்தமில்லாமல் முன்னே ஓடுவதையும் இடி பின்னால் வருவதையும் அந்தச் செடி பார்த்தது.

"மேகமே, சத்தமில்லாமல் சேதி சொல்ல அந்த மின்னலில் ஒரு நூல் கொடு. எங்கள் குரலை எடுத்துக்கொள்."

"போன குரல் திரும்பி வராதே?"

"தெரியும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டேன்."

மேகம் குரலை வாங்கிக்கொண்டு, நூலளவு மின்னலை ஒவ்வொரு செடியின் தண்டுக்குள்ளும் வைத்தது. ஒவ்வோர் இலைக்குள்ளும் பிறப்பிலிருந்தே ஒரு கசப்பு தூங்கிக்கொண்டிருந்தது. மின்னல் தொட்டதும் அது விழித்துக்கொண்டது.

சில நாள் கழித்து, வீக்கம் வடிந்த பிள்ளையோடு சடைச்சி வந்தாள். தோட்டத்தில் சத்தமே இல்லை. "என்மேல கோபமா?" என்று செடியைத் தொட்டுக் கேட்டாள். பதில் இல்லை. கோபமா, வருத்தமா என்று புரியாமல் வெகுநேரம் நின்றிருந்தாள்.

அந்த மழைநாள் முதல்தான், ஓர் இலையைப் புழு கடித்தால் மற்ற இலைகள், புழு தின்னாதபடி, ஓசையில்லாமல் கசந்துபோகின்றன. வெறும் காற்று தொட்டாலும், யாரென்று தெரியாமல் செடி உள்ளுக்குள் திடுக்கிடுகிறது.