ஒரு புகாரும் வராத சிலந்தி

“மூணு நாளா எங்க கரையில நூல் அறுந்து கிடக்குது, என்னன்னு கேட்க ஒரு ஆள் வரலை.”

புள்ளிமான் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னது. மேடைக்குக் காவல் நின்ற மைனாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் சிறகைக் கோதிக்கொண்டே பழைய பதிலைத்தான் சொன்னது.

“புகார்னா நூலை மூணு தடவை இழுக்கணும்மா. நேர்ல வாங்குறதில்லை.”

“அறுந்த நூலை எங்கே போய் இழுக்கிறது?”

“அது எனக்கெப்படித் தெரியும்? சொல்லி வெச்சிருக்கிற முறை இது. தள்ளி நில்லுங்க, தலைவி பேசப் போறாங்க.”

தலைவி என்றால் சிலந்தி. இன்று அதற்குப் பாராட்டு விழா. காட்டு நூல்கள் எல்லாம் வந்து சேரும் குளக்கரை மருதமரத்தடியில் கூட்டம் நெரிந்தது.

குறை சொல்லக் கூடாது, பாராட்ட வேண்டிய சிலந்திதான். ஒரு காலத்தில் சிறுத்தை வந்திருக்கிறது என்பதே அது முயலைக் கவ்விய பிறகுதான் தெரியும். எருக்கஞ்செடியில் குடியிருந்த இந்தச் சிலந்திதான் செடிக்குச் செடி, மரத்துக்கு மரம் நூல் கட்டியது. ஒரு முனையில் ஒரு தடவை இழுத்தால் போதும், சிறுத்தை என்று காடு முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு செடியில் தொடங்கிய தொழில் நாற்பது மரமாக வளர்ந்தது. இருநூறு சிலந்திகள் அதனிடம் வேலை பார்த்தன.

பிறகு பொதுக் காரியங்கள். குளம் தூர் வாரும் கமிட்டிக்குத் தலைவி. அணில் பள்ளிக்கூடத்துக்குப் புரவலர். மழையில் புற்றை இழந்த எறும்புகளுக்கு இலைக் கொட்டகை போட்டுக் கொடுத்ததும் அதுதான். எல்லாம் நல்ல காரியம். நூலைத் தொட்டுப் பார்க்க மட்டும் அதற்கு நேரமில்லாமல் போயிற்று. பழுது பார்க்க வேண்டிய சிலந்திகளோ ஒரு வாரமாக இந்த மேடைக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தன.

அணில் குட்டிகள் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டைப் பாடி முடித்தன. கொக்கு மாலையோடு எழுந்தது. சிலந்தி பேசியது.

“போன மழையிலிருந்து இன்னிக்கு வரைக்கும் கிழக்குக் கரையிலிருந்து ஒரு புகார்கூட வரலை. இதைவிட வேற பாராட்டு எனக்கு எதுக்கு?”

கூட்டம் ஆரவாரித்தது. மான் மைனாவை ஒதுக்கித் தள்ளிவிட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றது.

“தலைவியம்மா, நான் கிழக்குக் கரை. என் குட்டி பொறந்து நாலு நாள்தான் ஆகுது, நாணல்ல படுத்திருக்கு. காலையில சேத்துல சிறுத்தையோட காலடி பார்த்தேன்.”

“பயப்படாதம்மா. சிறுத்தை வந்தா நூல் ஆடும். ஆடலையே. நூல் அமைதியா இருந்தா கரை நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“அறுந்த நூலும் அமைதியாத்தான் இருக்கும்.”

கொக்கு தொண்டையைச் செருமியது. “நல்ல காரியம் நடக்கிற இடத்துல இதென்ன பேச்சு? அந்தம்மாவை யாராவது அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க.”

சிலந்தி தலைக்கு மேலே போன கிழக்குக் கரை நூலில் ஒரு காலை வைத்தது. நூல் தொய்ந்து காலோடு வந்தது. நூல் கட்டியே வளர்ந்த சிலந்திக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

மாலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அது மானின் காதில் குதித்தது. “ஓடு.”

மான் குளத்தைச் சுற்றி ஓடியது. அறுந்த இரண்டு முனைகளும் கிழக்குக் கரைப் புங்கமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நாணலுக்கு அந்தப் பக்கம் புல் அசைந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை.

வருடக்கணக்கில் தொடாத வேலையைச் சிலந்தி எட்டுக் காலாலும் செய்தது. இரண்டு முனைகளையும் சேர்த்தது, புது நூலால் இறுகச் சுற்றியது, ஒரே ஒரு தடவை இழுத்தது.

நாற்பது மரங்களிலும் நூல் அதிர்ந்தது. குரங்குகள் கத்தின, மயில்கள் கத்தின, மருதமரத்தடிக் கூட்டம் மொத்தமும் கிழக்குக் கரைக்கு ஓடி வந்தது. இத்தனை பேருக்குத் தெரிந்த பிறகு சிறுத்தைக்கு அங்கே என்ன வேலை? முறைத்துவிட்டுப் போய்விட்டது. குட்டி தள்ளாடி எழுந்து தாயின் மடியை முட்டியது.

“தலைவி, முறைப்படி பார்த்தா இந்தம்மா நேர்ல வந்ததே தப்பு” என்று மைனா மெல்ல ஆரம்பித்தது.

“அந்த முறையை வெச்சது நான்தான். இன்னியோட அது கிடையாது. நேர்ல வர்றவங்களை நேர்ல கேளு” என்றது சிலந்தி.

பிறகு கூட்டத்தைப் பார்த்து, “வேற யார் பக்கத்துல நூல் அறுந்திருக்கு? தயவுசெஞ்சு சொல்லுங்க” என்று கேட்டது.

விழாவுக்கு அழைப்பு நூல் வழியாகத்தான் போயிருந்தது. மானைத் தவிர, வந்திருந்தவர்கள் எல்லாரும் நூல் நன்றாக இருந்த இடத்துக்காரர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குறை காதில் விழவில்லை என்பதற்காகக் குறையே இல்லை என்று பொறுப்பில் இருப்பவர்கள் உட்கார்ந்துவிடக் கூடாது, எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.