குந்தாணிப் பாறைக்கு ஒரு புது ஆள்

கூழாம்பாடிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களால் வரும் ஆபத்தெல்லாம் அதனால்தான்.

ஊருக்கு மேற்கே குந்தாணிப் பாறை. ஒருவர் தோள்மேல் ஒருவராக மூன்று பேர் நின்றால் உச்சியைத் தொட்டுவிடலாம். அதை வெடி வைத்து ஜல்லியாக்க ஒரு குவாரி முதலாளி குத்தகை கேட்டிருந்தார். பாறையின் அடியில் சிட்டம்மாவின் கூரை வீடு. முதல் வெடிக்கே அது உட்கார்ந்துவிடும். அதனால் பாறைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. ஏகாம்பரம் தலைவர், தணிகாசலம் செயலாளர், சிட்டம்மா பொருளாளர். பதவி தீர்ந்துவிட்டதால் குழந்தைவேலு பொதுமக்கள் ஆனான்.

முதலில் சாலை மறியல். போக்குவரத்துக்கு இடைஞ்சல் கூடாது என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். எனவே பஸ்ஸே போகாத ரோடாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். மறியல் முழு வெற்றி. பொழுது சாயும்வரை ஒரு பஸ்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்தது மனு. அதை வாங்கிய அதிகாரி நல்ல மனிதர். "பாறையேறிப் பழக ஏத்த இடம்னா வெடிக்குத் தடை போட்டுடலாம். ஆனா முன்னே பின்னே ஏறிப் பழகாத புது ஆள் ஒருத்தர் ஏறிக் காட்டணும். ஞாயித்துக்கிழமை நானே வரேன். ஏமாத்து வேலை ஆகாது" என்றார்.

டவுனில் பாறையேறச் சொல்லிக்கொடுக்கும் மெர்சி என்ற பெண்ணை அழைத்துவந்து காட்டினார்கள். அவள் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சின்னப் பாறைதான், ஆனா புதுசா ஏறறவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. கால் வைக்க விளிம்பு, கைக்கு அடக்கமா வெடிப்பு. கையால தொங்காதீங்க, காலை நம்புங்க. ரெண்டு கை ரெண்டு கால்ல மூணு எப்பவும் பாறையில இருக்கணும், நாலாவதைத்தான் நகர்த்தணும். நான் ஞாயித்துக்கிழமை கயிறு கொண்டாரேன். அதுவரைக்கும் தரையோரமா கொஞ்சம் பழகிவைங்க."

அவள் போனதும் சங்கம் கூடியது.

"பழகினா பழகின ஆளு ஆயிடுவோமே. ஆபீசரு பழகாத ஆளுதான் வேணும்னாரு" என்றார் தணிகாசலம்.

"ஆமா" என்றார் ஏகாம்பரம். "கூழாம்பாடி பேரு கெடக் கூடாது. யாரும் பழகக் கூடாதுன்னு தீர்மானம் போடு. அது சரி, இதுவரைக்கும் ஏறாதவங்க யாரு?"

சிட்டம்மா கையைப் பிசைந்தாள். "நான் தினம் அந்த முத விளிம்புல ஏறித்தான் மிளகா காய வைக்கறேன்."

"நீ தள்ளு. நானும் தள்ளு. சின்ன வயசுல காத்தாடி எடுக்க ஏறினேன்" என்றார் ஏகாம்பரம்.

"நீங்க ஏறினதை நான் நின்னு பார்த்தேன் தலைவரே. பார்த்தாலும் பழக்கம்தானே" என்று தணிகாசலமும் ஒதுங்கிக்கொண்டார்.

எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். அவன் அசலூர்க்காரன், கூழாம்பாடியில் பெண் கட்டி வந்தவன். பாறையில் சாய்ந்துகூட நின்றதில்லை.

"ஆனா மெர்சி மேடம் சொன்னதை நானும் கேட்டுட்டேனே" என்றான் அவன்.

"மறந்துடு."

"எதையெல்லாம் மறக்கணும்?"

நியாயமான கேள்வி. அதனால் தினமும் காலையில் தணிகாசலம் அவன் வீட்டுக்குப் போய், "கையால தொங்கக் கூடாது, காலை நம்பணும், மூணு இருக்கணும், நாலாவது நகரணும். இத்தனையும் மறக்கணும், தெரியுதா?" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒன்று விட்டுப்போகக் கூடாதென்று சாயங்காலம் ஏகாம்பரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். சனிக்கிழமை குழந்தைவேலு தூக்கத்திலும் ஒப்பித்தான். சங்கம் கனத்த மனதோடு அவனையும் தள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை மெர்சி வந்து உச்சியில் கயிற்றை மாட்டினாள். அதிகாரியும் வந்து இறங்கினார்.

"எங்கய்யா புது ஆள்?"

"எங்ககிட்ட இல்லைங்க சார். ஏமாத்தக் கூடாதில்ல" என்றார் ஏகாம்பரம்.

"அப்ப நான் என்ன செய்யறது? குவாரிக்குக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்."

சிட்டம்மா தன் வீட்டைப் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள். பிறகு அதிகாரியின் தொப்பையைப் பார்த்தாள். "சார், நீங்க ஏறியிருக்கீங்களா?"

"நானா? வீட்டுல ஃபேன் துடைக்க ஸ்டூல்லகூட ஏறினதில்லைம்மா."

நாலு பேர் முகமும் மலர்ந்தது. அவர் சட்டம் மதிக்கிறவர். புது ஆள் ஏறவேண்டும், அங்கே இருந்த புது ஆள் அவர் ஒருவர்தான். மறுக்க வழியில்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். மெர்சி கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடித்தாள். குழந்தைவேலு கீழே நின்று, மறக்கவேண்டியதையெல்லாம் வரிசையாகச் சத்தம்போட்டுச் சொன்னான். அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டே உச்சிக்குப் போய்விட்டார்.

மேலே காற்று நன்றாக வீசியது. அவருக்கு மனம் குளிர்ந்துபோனது.

"எழுதிக்கய்யா செயலாளரே. வெடிக்குத் தடை. இது புதியவர்களுக்கான பாறை. இந்த நிமிஷத்துலேர்ந்து புதியவர் தவிர எவரும் இதைத் தொடக் கூடாது" என்றார், குவாரி முதலாளியை மனதில் வைத்து.

சிட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தணிகாசலம் எழுதி முடித்து, ஒருமுறை படித்துப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"சார், நீங்க இப்ப ஏறின ஆளாச்சே. தொட்டுக்கிட்டு நிக்கறீங்களே."

அதிகாரி சட்டென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். இன்னொரு காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கயிறுதான் இருக்கே, இறக்கிடறேன்" என்றாள் மெர்சி.

"இறங்கறப்ப கால் பாறையில படுமா மேடம்?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

"படாம எப்படி?"

"அப்ப உத்தரவை மீறச் சொல்றீங்க."

"மீறக் கூடாது" என்று மேலிருந்து குரல் வந்தது. "என் உத்தரவை நானே மீறினா வேற எவன் மதிப்பான்?"

சங்கம் அங்கேயே கூடியது. பாறையைத் தொடாமல் பக்கத்தில் உச்சிவரை ஒரு குவியல் போட்டால், அவர் அதன்மேல் கால்வைத்து இறங்கிவிடலாம் என்று முடிவானது. குவிக்க எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

"என் வீட்டைக் காப்பாத்தின மனுசனுக்கு ஒரு கூரைகூடவா தரமாட்டேன்?" என்ற சிட்டம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடி, முதல் கூரைக் கட்டைப் பிடுங்கினாள். மூவரும் பின்னாலேயே ஓடினார்கள். கூரை இடுப்புயரம்தான் வந்தது. மூங்கிலும் கதவும் போட்டார்கள். அப்புறம் சுவர்.

அதிகாரி ஒற்றைக்காலில் நின்றபடி எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் குறையுதும்மா."

"பொறுங்க சார், அடுப்பங்கரைச் சுவர் பாக்கி இருக்கு."

பொழுது சாய்வதற்குள் அதிகாரி பாறையைத் தொடாமல் இறங்கி, கைகுலுக்கிவிட்டுப் போனார். வெறும் தரையில் நின்ற சிட்டம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, பாறையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே தடையை எடுத்தாக்கூட எனக்குக் கவலை இல்லை" என்றாள். "அவன் எத்தனை வெடி வைச்சாலும் என் வீட்டை ஒண்ணும் பண்ண முடியாது."